துரையைக் கடைசியில் விடணும்

ஆபீசில் நான் வாயைத் திறந்தால் மூன்றாவது மாடியே அடங்கிவிடும். நந்தனத்தில் எங்கள் கட்டடத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். முன்கோபி என்பார்கள், மூக்கு நுனியில் கோபம் என்பார்கள், மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிற மனுஷன் என்றும் ஒன்றிரண்டு நல்லவர்கள் சொல்லக்கூடும். ஆனால் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் நான் அம்பி. நாற்பத்தொன்பது வயது, முன்மண்டை வழுக்கை, பிரஷருக்குக் காலையில் ஒரு மாத்திரை, பேர் மட்டும் அம்பி.

என் அண்ணா வேம்புவுக்கு அறுபத்து மூன்று வயது. அப்பா போனபோது எனக்கு ஏழு வயது. அதற்கப்புறம் என்னைப் படிக்க வைத்தது, வேலை தேடிக் கொடுத்தது, ஷண்முகப்ரியாவைப் பெண் பார்த்துக் கல்யாணம் பண்ணி வைத்தது எல்லாம் அண்ணாதான். அதனால் அண்ணாவை நான் எதிர்த்துப் பேசியது கிடையாது. எதிர்த்து என்ன, நேராகவே எதையும் சொன்னது கிடையாது. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் ப்ரியாவிடம் சொல்வேன். ப்ரியா மன்னியிடம் சொல்வாள். விஜயலக்ஷ்மி மன்னி சமயம் பார்த்து, காபி டம்ளரை நீட்டுகிறபோது, அண்ணாவின் காதில் போட்டுவைப்பாள். பதில் வந்த வழியே திரும்பி வரும். மயிலாப்பூரில் சித்ரகுளத்துக்குப் பக்கத்தில் கீழ் வீட்டில் அவர்களும் மேல் வீட்டில் நானும் ப்ரியாவும், இப்போது ஹாஸ்டலில் இருக்கிற எங்கள் பெண்ணுமாக இருந்த வரைக்கும் இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. யாருக்கும் யார் மேலும் மனஸ்தாபம் கிடையாது. எல்லாம் வயிற்றுக்குள் போய் அசிடிட்டியாக உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

போன வருஷம் அந்தக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட பில்டரிடம் கூட்டு ஒப்பந்தத்தில் விட்டோம். கட்டி முடிக்கிற வரைக்கும் இரண்டு குடும்பமும் சேர்ந்து இருக்க அடையாறு கஸ்தூர்பா நகரில் தரைத்தளத்தில் பெரிய வீடாக ஒன்று பிடித்தோம். வீட்டுக்காரர் தனபாலன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பூஜை ரூமில் ஆணி அடிக்கலாம், மன்னி பாட்டு கிளாஸ் எடுக்கலாம், கார் இரண்டு நிறுத்தலாம். மீன்தொட்டி என்றதும் முகம் மாறிவிட்டது.

"ஒரு தொட்டி வெச்சுக்கங்க சார். ரெண்டுல்லாம் வேணாம். தரை தாங்காது."

தரைத்தளம்! கீழே பூமி இருக்கிறது ஐயா, பூமி! பூமி தாங்காதா? தொண்டை வரை வந்தது. ஆனால் பக்கத்தில் அண்ணா நின்றுகொண்டிருந்தார், "அதுக்கென்ன, ஒண்ணே போதும்" என்று சொல்லிவிட்டார். முடிந்தது கதை. கதை அங்கேதான் ஆரம்பித்தது என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

ஏனென்றால் எங்கள் மீன்கள் வாலை ஆட்டிக்கொண்டு ஒரு மூலையில் கிடக்கிற ஜாதி இல்லை. எல்லாம் தென் அமெரிக்காவின் ஆறுகளைச் சேர்ந்த பெரிய சிக்லிட்டுகள். என்னிடம் இருந்தது ஒரு ஜோடி செவரம். தங்க நிறம், உள்ளங்கையைவிடப் பெரிது, ஒன்றை விட்டு ஒன்று பிரியாது. கூடவே மூன்று ஜியோஃபேகஸ். மணலை வாயில் அள்ளிச் சலித்துச் செவுள் வழியாகத் துப்பிக்கொண்டே நாளைக் கழிக்கிற பரம சாதுக்கள். அண்ணாவிடம் இருந்தது ஒரே ஒரு ஆஸ்கார். முக்கால் முழ நீளம், கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டு, பேர் துரை. அண்ணா ரிடையர் ஆன புதிதில் பொழுதுபோகட்டும் என்று விரல் நீளத்தில் அவருக்கு வாங்கிக் கொடுத்தவனே நான்தான். அண்ணாவின் விரலிலிருந்து தீனியைப் பிடுங்கித் தின்னுவான், வேறு யார் கையை விட்டாலும் கடிப்பான். அண்ணா மேல் எனக்கு எவ்வளவு மரியாதை உண்டோ அதில் ஒரு துளிகூடத் துரைமேல் கிடையாது. அவன் ரவுடி.

அந்தச் செவரம் ஜோடியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒரு மீனுக்கு இந்த மனுஷன் ஏன் இப்படிக் குதிக்கிறான் என்று நினைப்பீர்கள். ஒரு ரூபாய்க் காசு அளவில் வாங்கி ஆறு வருஷம் வளர்த்தவை. என் வாழ்க்கையில் நானாக ஆசைப்பட்டு, யாரையும் கேட்காமல், யார் மூலமாகவும் சொல்லி அனுப்பாமல் செய்த காரியம் அது ஒன்றுதான். அவை இரண்டும் உயிரோடு இருக்கவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவே.

இப்படிப்பட்ட மீன்களை ஒரே தொட்டியில் சேர்க்க ஒரு முறை இருக்கிறது. சாது முதலில் போகவேண்டும். அது உள்ளே போய், ஒரு கல்லுக்குப் பின்னால் இடம் பிடித்து, இது நம் வீடு என்று மூச்சு விட்ட பிறகுதான் அடுத்தது. ரவுடி கடைசியில். கடைசியில் வருகிறவன் புது இடத்தில் கொஞ்சநாள் அடக்கி வாசிப்பான். அவனை முதலில் விட்டால் போச்சு, தொட்டி முழுக்க அவன் பேரில் பட்டா. பின்னால் வருகிறவர்கள் எல்லாம் ஆக்கிரமிப்பு. அடித்து விரட்டிவிடுவான், தொட்டிக்குள் விரட்டி எங்கே போவது?

ப்ரியாவிடம் தெளிவாகச் சொன்னேன். "மன்னியை அண்ணாகிட்ட சொல்லச் சொல்லு. என்னோடது முதல்ல, துரை கடைசில. நாலு நாளாவது கழிச்சு. இது ரொம்ப முக்கியம்."

"ஏன்னா, அண்ணா அதோ ஹால்ல உக்காந்து பேப்பர் படிச்சிண்டிருக்கார். நீங்களும் அங்கதானே போயி உக்காரப் போறேள்? நீங்களே சொல்லப்படாதா?"

"சொல்லுன்னா சொல்லேன்டி."

அவள் தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மறுநாள் பதில் வந்தது. "சொல்லிட்டாளாம். அண்ணாக்குப் பரம சந்தோஷமாம்." பரம சந்தோஷம் என்ற வார்த்தையில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கடைசியில் வா என்றால் எவனாவது பரம சந்தோஷப்படுவானா? ஆனால் அண்ணா பெரிய மனசு என்று நினைத்து, எனக்கே கொஞ்சம் நெகிழ்ச்சியாகப் போய்விட்டது. நெகிழ்ச்சியாம்! இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ராயப்பேட்டையில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கிற தௌஃபீக் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஆறடித் தொட்டியை மினி வேனில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். பத்து வருஷப் பழக்கம். நாலு பேர் பிடித்து இறக்குகிறபோதே அவனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சார், அம்மாம் பெரிய ஹால் கீது, ரெண்டு தொட்டியா போட்டுக்கினு போவ வேண்டியதுதான? அந்த ஆஸ்காரையும் செவரத்தையும் ஒண்ணா போட்றியே, பாத்து சார்."

"எல்லாம் பேசியாச்சுப்பா."

தொட்டியை எங்கே வைப்பது என்பதில் ஒரு மணி நேரம் போனது. ஜன்னல் பக்கம் வேண்டாம், வெயில் பட்டுப் பாசி பிடிக்கும் என்றேன், ப்ரியாவிடம். பூஜை ரூம் சுவரில் வேண்டாம் என்று மன்னி சொன்னாள், அண்ணாவிடம். அண்ணா சுவரைப் பார்த்துக்கொண்டு பொதுவாக, "எங்கே வெச்சாலும் சரி" என்றார். கடைசியில் தௌஃபீக்கே சலித்துப்போய் ஒரு சுவரைக் காட்டி அங்கே நிறுத்தினான். போர்வெல் தண்ணீரோடு இரண்டு நாளாகப் பிடித்து ஆறவைத்திருந்த மெட்ரோ தண்ணீரைக் கலந்து ஊற்றினோம். மணல், பெரிய கற்கள், ஒரு வேர்க்கட்டை. பழைய தொட்டிகளின் ஃபில்டர் பஞ்சை அழுக்கோடு அப்படியே புது ஃபில்டரில் வைத்தேன், அந்த அழுக்கில்தான் தண்ணீரைச் சுத்தமாக வைக்கிற கிருமிகள் இருக்கின்றன. மன்னி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ராகுகாலத்துக்கு முன்னாடி விட்டுடுங்கோ" என்றாள்.

என் மீன்கள் இருந்த வாளியை எடுக்க நான் பின்பக்கம் போய்த் திரும்புவதற்குள் அண்ணா தொட்டிக்கு முன்னால் நிற்கிறார். துவைத்த வேஷ்டி, நெற்றியில் இட்டுக்கொண்டிருக்கிறார், கையில் வாளி. வாளியில் துரை.

"விட்டுடலாமாடா அம்பி?" என்றார்.

சொல்லி அனுப்பியாயிற்று, பரம சந்தோஷம் என்று பதிலும் வந்தாயிற்று, இப்போது முதல் ஆளாக வந்து நிற்கிறாரே! நான் ப்ரியாவைப் பார்த்தேன். ப்ரியா மன்னியைப் பார்த்தாள். மன்னி, கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி, முகமெல்லாம் சிரிப்பாக அண்ணாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அத்த இப்ப விட்டீங்கன்னா..." என்று தௌஃபீக் ஆரம்பித்தான். நான் கண்ணாலேயே அவனை அடக்கினேன். நாலு பேர் எதிரில் அண்ணாவை ஒருத்தன் திருத்துவதா?

"உங்க இஷ்டம்ணா," என்றேன்.

அண்ணா வாளியைச் சாய்த்தார். துரை பிள்ளையார் ஊர்வலம் மாதிரி இறங்கினான். தொட்டியை ஒரு சுற்று சுற்றினான், வேர்க்கட்டையை மூக்கால் முட்டிப் பார்த்தான், நடுக்கல்லின் மேல் போய் நின்றுகொண்டான். அண்ணாவுக்கு அப்படி ஒரு பூரிப்பு. எனக்கு உள்ளே கொதித்தது. நான் சொன்னது தெரியும், தெரிந்தும் தன் மீன்தான் முதலில் என்று வந்து நிற்கிறார். நான் சொன்னதற்கு இந்த வீட்டில் அவ்வளவுதான் மதிப்பு. சாயங்காலம் என் செவரங்களை விட்டபோது துரை திரும்பிப் பார்த்த பார்வையிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

முதல் நாள் முறைப்பு. இரண்டாம் நாள் துரத்தல். அதற்கப்புறம் கடி. ஜியோஃபேகஸ்கள் பிழைக்கத் தெரிந்தவை, அடிமணலோடு மணலாக ஒட்டிக்கொண்டன. செவரம் ஜோடிக்குத்தான் கதி இல்லை. ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒரு சாண் இடத்தில் இரண்டும் ஒண்டிக்கொண்டு நின்றன. ஆணின் வால் கிழிந்தது, விலாவில் செதில் போய் வெள்ளையாகத் தெரிந்தது. தீனி போட்டால் பெண் ஒரு எட்டு முன்னால் வரும், துரை ஒரு பாய்ச்சல் பாய்வான், ஆண் குறுக்கே போய் அடி வாங்கும். நான் ஆபீசிலிருந்து ஓடி வந்து பார்ப்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போவேன். ஆபீசில் அந்த வாரம் என்னிடம் மாட்டியவர்கள் பாவம்.

கற்களையாவது இடம் மாற்றிப் பார்க்கலாம் என்று ஒரு நாள் கையை விட்டேன். துரை கடித்தான். கையை எடுத்துக்கொண்டேன்.

திரும்பவும் ப்ரியாவிடம் சொன்னேன். "துரையைத் தனியா வைக்கணும்னு சொல்லச் சொல்லு. ஒரு வாரம் போறும். இல்லேன்னா என் மீன் செத்துப் போயிடும்னு சொல்லு."

மறுநாள் காலையில் அண்ணா தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, துரைக்கு மட்டும் விரலால் ஒவ்வொரு உருண்டையாக ஊட்டிக்கொண்டிருந்தார். வாங்கி வைத்திருந்த தீனியிலேயே உசத்தியான டப்பா. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. துரைக்கு இன்னும் தெம்பு ஏறியது. நான் தனியாக வை என்கிறேன், இவர் தனியாக விருந்து வைக்கிறார்! வேண்டுமென்றே செய்கிறார் என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது. ஆறு வருஷம் வளர்த்தவன் எதிரிலேயே உட்கார்ந்து, ரவுடிக்குப் பால் பாயசம் ஊட்டுகிறார். இவரையா அப்பா ஸ்தானத்தில் வைத்தேன் என்றுகூட நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அடுத்த திங்கட்கிழமை காலையில் ஆண் செவரம் ஃபில்டர் குழாய்க்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. பெண் அதன் மேலேயே முட்டி முட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

வலையில் எடுத்தேன். அண்ணா ஹாலுக்கு வந்தார், எட்டிப் பார்த்தார். "அடடா! என்னடா ஆச்சு? தண்ணி ஒத்துக்கலையோ என்னமோ," என்றார்.

தண்ணி ஒத்துக்கவில்லையாம். வலையைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டைவிட்டு வெளியே போய்விடலாம் போலிருந்தது. "இருக்கும்ணா," என்றேன். பின்பக்கம் செம்பருத்திச் செடிக்கடியில் குழி தோண்டிப் புதைத்தேன். ப்ரியா பக்கத்தில் வந்து நின்றாள். வாயைத் திறந்திருந்தால் அவளிடம் கத்தியிருப்பேன். அன்று ராத்திரி அண்ணாவுக்கு எதிரில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டேன்.

மிச்சம் பெண் ஒன்று. அதன் தங்க நிறம் செத்து, வெளிறிப்போய், மேல் தண்ணீரில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றது. இன்னும் இரண்டு நாள் தாங்கினால் அதிகம். மறுநாள் ஆபீசுக்கு மத்தியானமே கும்பிடு போட்டுவிட்டு ராயப்பேட்டைக்குப் போனேன்.

"ஆம்பள பூட்ச்சா?" என்றான் தௌஃபீக். "அன்னிக்கே சொல்ல வந்தேன், நீதான் முறைச்சே."

"அத விடுப்பா. பொம்பளையை உன் கடையில வெச்சுக்கறியா?"

"இட்டுக்கினு வா சார், வெச்சிக்கிறேன். ஆனா மொதல்லயே சொல்லிட்றேன். ஜோடி இல்லாத மீனு, எத்தினி நாளு சும்மா தொட்டிய அடைச்சிக்கினு இருக்கும்? நல்லா பாத்துக்கிற பார்ட்டி வந்து கேட்டா குடுத்துருவேன். அப்பால என் மீனு எங்கன்னு வந்து என்னாண்ட சண்ட போடக்கூடாது."

"குடுத்துடு," என்றேன். சாகிறதைவிட எங்கேயாவது இருக்கட்டும். மூடி போட்ட வாளி ஒன்றை அவனிடமே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அண்ணா பெசன்ட் நகர் பீச்சுக்கு வாக்கிங் போகிற நேரம். அவர் வருவதற்குள் எடுத்துவிடலாம் என்று சட்டையைக்கூட மாற்றாமல் வலையை உள்ளே விட்டேன். துரை வலையைக் கடிக்க வந்தான். தள்ளிவிட்டு, பெண் செவரத்தை மெல்ல மூலைக்கு ஒதுக்கினேன். ஓடக்கூட அதற்குத் தெம்பில்லை, வலைக்குள் வந்து படுத்துக்கொண்டது.

"என்னடா பண்றே?"

அண்ணா. வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, ஷூவைக் கழற்றியபடி நிற்கிறார். சமையலறையிலிருந்து ப்ரியாவும், அவளுக்குப் பின்னால் அவரைக்காயும் கையுமாக மன்னியும் எட்டிப் பார்த்தார்கள்.

"எங்கேடா எடுத்துண்டு போறே அதை?"

கோபத்தில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. வலையைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டு, என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ப்ரியா, அண்ணாகிட்ட சொல்லு. இந்த மீன் இனிமே இந்தத் தொட்டில இருக்காது. துரையே தொட்டியை வெச்சுக்கட்டும்னு சொல்லு."

ப்ரியாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"நான் இங்கதாண்டா நிக்கறேன்," என்றார் அண்ணா.

அவ்வளவுதான். அணை உடைந்துவிட்டது. "நிக்கறேள்! நன்னா நிக்கறேள்! நான்தான் சொன்னேனே, துரையைக் கடைசில விடணும்னு! சொன்னேனா இல்லையா? கேட்டேளா? வாளியைத் தூக்கிண்டு முதல்ல வந்து நின்னேளே! தனியா வையுங்கோன்னு சொல்லி அனுப்பினேன், உக்காந்து ஊட்டறேளே அவனுக்கு! என் மீன் செத்துப் போச்சு. தண்ணி ஒத்துக்கலையாம், தண்ணி!"

ஆபீஸ் குரல். அந்த வீட்டில் அது அதுவரை கேட்டதில்லை. பக்கத்து ஃபிளாட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

அண்ணாவின் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஒரு ஷூவோடு அப்படியே நின்றார்.

"கடைசிலயா?" என்றார். "நீ முதல்ல விடச் சொன்னேன்னுதானேடா விட்டேன்? அம்பி சொல்றான், துரைதான் முதல்ல போகணுமாம், அதுதான் முறையாம்னு சொன்னா. நேக்கே ஆச்சரியமாத்தான் இருந்தது. ஆனா மீன் விஷயம் நோக்குத் தெரியாததா? அதான் விடறதுக்கு முன்னாடி உன்னையே கேட்டேன். என் இஷ்டம்னு சொல்லிட்டே."

"யார் சொன்னா முதல்லன்னு?"

அண்ணா மன்னியைப் பார்த்தார். நான் மன்னியைப் பார்த்தேன். ப்ரியா ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னி அவரைக்காயைக் கீழே வைத்தாள்.

"எப்படிச் சொல்லுவேன்?" என்றாள். "இந்தாத்துல எந்தக் காரியம் அவரை முன்னாடி வெச்சுக்காம நடந்திருக்கு? கடைசில வாங்கோன்னு அவர்கிட்ட போய்ச் சொல்றதா? மனசு சங்கடப்படுவாரேன்னு மாத்திச் சொன்னேன். மீனுக்கு முன்ன என்ன, பின்ன என்னன்னு நினைச்சேன். அப்புறம் துரையைத் தனியா வைன்னு சொன்னதும் அதே மாதிரிதான். ஒதுக்கி வைன்னு சொல்ல வாய் வரலை. துரையைத் தனியா கவனிச்சுக்கணுமாம்னு சொன்னேன்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லதுக்குத்தான் சொன்னேன் அம்பி. இப்படி ஆகும்னு நேக்கு என்ன தெரியும்?"

எனக்குத் தொட்டியில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை வருஷமாக நான் அனுப்பிய சேதிகளில் எத்தனைக்கு இப்படிச் சர்க்கரை போட்டுக் கொடுத்தாளோ! யாரைத் திட்டுவது? திட்ட ஆளில்லாத கோபத்தைப்போல ஒரு இம்சை கிடையாது.

"அதெல்லாம் அப்புறம்," என்றார் அண்ணா. இன்னொரு ஷூவையும் உதறினார், சட்டைக் கையைச் சுருட்டினார். "இப்போ என்ன பண்ணணும்? எங்கிட்டயே சொல்லு."

நான் ப்ரியா பக்கம் திரும்பப் போனேன். கழுத்து தானாகத் திரும்புகிறது, என்ன செய்ய? அடக்கிக்கொண்டேன்.

"துரையை வெளில எடுங்கோ," என்றேன். "இப்பவே."

எடுத்தார். வேறு யார் கை வைத்தாலும் கடிக்கிறவன் அண்ணாவின் கையில் சத்தம் போடாமல் வந்தான். மூடி போட்ட வாளிக்குள் அவன் போனான். பெண் செவரத்தை வேறொரு வாளிக்கு மாற்றிவிட்டு நான் தொட்டியைத் தலைகீழாக்கினேன். நடுக்கல்லை எடுத்து ஓரத்தில் சாய்த்தேன், வேர்க்கட்டையைத் திருப்பி வைத்தேன், மணலைக் கிளறினேன், துரைக்குத் தன் பட்டா எங்கே என்று தெரியாதபடி எல்லாவற்றையும் மாற்றினேன். அந்தக் கல்லைப் பிடிங்கோ, குழாயைத் தூக்குங்கோ, இன்னும் மேலே என்று நான் சொல்லச் சொல்ல அண்ணா செய்தார். முழங்கை வரைக்கும் ஈரம். ஒரு தடவை பழக்க தோஷத்தில், "முடிஞ்சா" என்று சேர்த்தேன். "முடியும், சொல்லு," என்றார்.

பெண் செவரத்தை முதலில் விட்டோம். ஜியோஃபேகஸ்கள் கூட இருந்தன. துரை வாளியில், ஏர் குழாயோடு, பின்பக்கத் தாழ்வார ஓரத்தில் இருந்தான். அண்ணா தினம் தண்ணீர் மாற்றினார், ஒரு தடவைகூட எப்போது விடலாம் என்று நச்சரிக்கவில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு தடவை அந்தப் பக்கம் போகும்போதும் உறுத்தியது. உறுத்தினால் உறுத்தட்டும் என்று இருந்தேன். செவரம் முதல் நாள் குழாய்க்குப் பின்னாலேயே நின்றது. அப்புறம் சாய்ந்த கல்லுக்கடியில் இடம் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே வந்து ஒரு உருண்டை தின்றது. நானே அண்ணாவிடம் போனேன்.

"இன்னிக்கு விடலாம்ணா."

துரை கடைசியில் இறங்கினான். தன் கல் இருந்த இடத்துக்குப் போனான், கல் இல்லை. வேர்க்கட்டையைத் தேடினான், அது வேறு பக்கம். செவரம் கல்லுக்கடியிலிருந்து துடுப்பை விரித்துக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தது. துரை பின்வாங்கி, மூலைக்குப் போய், மணலில் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டான்.

"அம்பி! துரை சாஞ்சுட்டான்டா!" அண்ணாவின் குரல் உடைந்தது.

"ஒண்ணும் இல்லைண்ணா. கோச்சுண்டிருக்கான். ஆஸ்கார் அப்படித்தான், இடத்தை மாத்தினா படுத்துக்கும். ரெண்டு நாள்ல எழுந்துடும்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அண்ணா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செவுள் அசைகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் அண்ணா பேசினார்.

"இவன் கோச்சுண்டா எல்லாருக்கும் தெரியறது. நீ செவரம் செத்த அன்னிக்கு எனக்கு எதிர்ல உக்காந்து ரசம் சாதம் சாப்பிட்டே. இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடான்னேன், போட்டுண்டே."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேள்?"

"துரையை வெளில எடுத்திருப்பேன். வேறென்ன?"

வேறென்ன என்கிறார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! நேராகக் கேட்டிருந்தால் ஒரு வாளி, ஒரு பத்து நிமிஷம், என் மீன் இப்போது தன் ஜோடிக்குப் பக்கத்தில் நின்றிருக்கும். கோபம் தணிய வேண்டிய இடம் இது, எனக்குத் தலைக்கு ஏறியது. கேட்டால் கிடைத்திருக்கும் என்றால், இத்தனை வருஷம் நான் கேட்காமல் விட்டதெல்லாம்?

"அண்ணா, நேக்கு உங்க மேல ரொம்பக் கோவம்," என்றேன். "மீனுக்கு மட்டும் இல்லை."

மன்னி காபியோடு ஹாலுக்கு வந்துகொண்டிருந்தவள் பதறிப்போனாள். "ஏன்னா, அவன் என்ன சொல்ல வரான்னா..."

"விஜயம், நீ சித்த சும்மா இரு," என்றார் அண்ணா. "அவன் சொல்லட்டும்."

சொன்னேன். நான் படம் வரைகிறதை நிறுத்திக் காமர்ஸில் சேர்த்தது. டெல்லியில் கிடைத்த வேலைக்குப் போகவேண்டாம் என்றது. என் பெண் பேரை நான் யோசித்து வைத்திருக்கும்போதே அவர் முடிவு பண்ணி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது. அவர் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை, நியாயம் சொல்லவில்லை. இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு மூச்சு வாங்கியது, நிறுத்தினேன்.

"இன்னும் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

அண்ணா நாற்காலியைத் தொட்டியிலிருந்து என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "சொல்லு," என்றார்.